ஐபி68 என்ற எண்ணும் குமரிக் கடற்கரையின் உப்புக்காற்றும்

புதிய கைபேசி வாங்க நினைப்பவர்கள் எங்கள் தொழில்நுட்பப் பகுதிக்கு அனுப்பும் கேள்விகளில், கேமராவையும் பேட்டரியையும் விட்டால், தண்ணீரைப் பற்றியவையே மிகுதி. கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்களிடமிருந்து இக்கேள்வி வருவதில் வியப்பில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் விசைப்படகிலோ வள்ளத்திலோ கடலுக்குப் போகிறவர்களின் சட்டைப்பையில் கைபேசி இருக்கிறது; குலசேகரம் பக்கம் விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டக் கிளம்புகிறவர்களிடமும் இருக்கிறது; திற்பரப்பு அருவிக்கு வருகிறவர்கள் அதைக் கையில் பிடித்தபடியே சாரலுக்குள் நுழைகிறார்கள். “பெட்டியில் ஐபி68 என்று அச்சிட்டிருக்கிறார்களே, அப்படியென்றால் கடல் தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாதுதானே?” என்பதுதான் பலரும் கேட்பது. ஆகலாம் என்பதே என் பதில். ஏன் ஆகலாம் என்பது விளங்க வேண்டுமானால், அந்த எண் எந்தச் சோதனைக்காகத் தரப்படுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜெனீவாவில் தலைமையகம் கொண்ட சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம், சுருக்கமாக ஐஇசி, 60529 என்ற எண்ணில் ஒரு தரநிலையை வெளியிட்டிருக்கிறது. அதன் முதல் பதிப்பு 1976ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் அதை ஏற்று இந்தியத் தரநிலையாக வைத்துள்ளது. கைபேசிகள் மக்கள் கைக்கு வருவதற்கு முன்பே எழுதப்பட்ட இந்தத் தரநிலை, மோட்டார், சுவிட்ச் பெட்டி, தெருவிளக்கு போன்ற மின்பொருள்களின் மேலுறை எவ்வளவு தூசியையும் தண்ணீரையும் தடுக்கிறது என்பதை எல்லா நாடுகளிலும் ஒரே முறையில் சொல்வதற்காக உருவானது. இந்தத் தரநிலை தரும் குறியீட்டில், ஐபி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கங்களையும் தனித்தனியே படிக்க வேண்டும். ஐபி68 என்பது அறுபத்தெட்டு மதிப்பெண் அன்று. அது ஓர் ஆறு, பிறகு ஓர் எட்டு.

முதல் இலக்கம் திடப்பொருள்களுக்கானது. அது 0 முதல் 6 வரை செல்கிறது. சிறிய எண்கள் விரலும் கம்பியும் உள்ளே நுழையாமல் காப்பதைக் குறிக்கின்றன. 5 என்றால் கொஞ்சம் தூசி நுழைந்தாலும் கருவியின் இயக்கம் கெடாது. 6 என்றால் தூசி சிறிதும் நுழையாது. இதைச் சோதிக்க, மூடிய அறைக்குள் நுண்ணிய டால்கம் தூளைச் சுழலவிட்டு, பல மணி நேரம் கருவியை அதில் வைக்கிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் மண் பறக்கும் முப்பந்தல் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்த முதல் இலக்கம் பயனுள்ளது. ஆனால் விளம்பரங்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, வாசகர்களும் கேட்பதில்லை.

பேச்செல்லாம் இரண்டாம் இலக்கத்தைப் பற்றித்தான். அது 0 முதல் 9 வரை செல்கிறது. 1, 2 ஆகியவை சொட்டும் தண்ணீர். 3 சாய்வாகத் தெளிக்கும் தண்ணீர். 4 எல்லாத் திசைகளிலிருந்தும் தெறிக்கும் தண்ணீர். 5 வரும்போது சோதனை கடுமையாகிறது: 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். 6இல் குழாயின் வாய் 12.5 மில்லிமீட்டராகவும் தண்ணீர் நிமிடத்துக்கு 100 லிட்டராகவும் உயர்கின்றன. 7 என்பது முற்றிலும் வேறு வகைச் சோதனை. ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கருவியை மூழ்க வைப்பது. 8 என்பது அதைவிடக் கடுமையான நிலையில் மூழ்க வைப்பது. 9 என்பது 80 டிகிரி வெந்நீரை மிகுந்த அழுத்தத்துடன் அருகிலிருந்து பீய்ச்சுவது.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு நுட்பம் இருக்கிறது. 6 வரையிலான எண்களில் மேலே உள்ளது கீழே உள்ளவற்றையும் உள்ளடக்கும். ஆனால் 7, 8 ஆகியவற்றுக்கு அந்த விதி பொருந்தாது. அசையாத தண்ணீரில் மூழ்கித் தாங்கிய கருவி, வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும் என்று தரநிலை எங்கும் சொல்லவில்லை. இரண்டையும் தாங்கும் என்று நிறுவனம் உறுதி கூற விரும்பினால் இரண்டு சோதனைகளையும் செய்து, ஐபி66, ஐபி68 என இரண்டு குறியீடுகளையும் தர வேண்டும். பெட்டியில் ஐபி68 மட்டுமே இருக்கும் கைபேசியை அருவியின் நேரடி வீழ்ச்சிக்குக் கீழே நீட்டுகிறவர், சோதிக்கப்படாத ஒன்றைத் தாமே சோதித்துப் பார்க்கிறார். அதேபோல் ஐபிஎக்ஸ்4 என்பதில் உள்ள எக்ஸ், தூசிக்கான நிலை அறிவிக்கப்படவில்லை என்பதை மட்டுமே குறிக்கும். தூசியைத் தடுக்கும் என்றோ தடுக்காது என்றோ அதைக் கொண்டு முடிவுகட்ட முடியாது.

எட்டு என்ற எண்ணுக்குள்ளும் ஒரு நெகிழ்வு உண்டு. ஏழுக்கு ஆழமும் நேரமும் தரநிலையிலேயே வகுக்கப்பட்டிருக்கின்றன. எட்டுக்கோ, ஏழைவிடக் கடுமையாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதை நிறுவனமே குறிப்பிட வேண்டும். ஐபோன் 12 முதலான முதன்மை ஐபோன்களுக்கு ஆப்பிள் குறிப்பிடுவது 6 மீட்டர், 30 நிமிடம்; சாம்சங் தன் கேலக்ஸி எஸ் வரிசைக்குக் குறிப்பிடுவது 1.5 மீட்டர், 30 நிமிடம், அதுவும் நன்னீரில். இரண்டுமே ஐபி68தான். எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று ஒப்பீட்டு அட்டவணையில் போட்டுவிடுவது எளிது. அது வாசகருக்குச் செய்யும் நியாயம் ஆகாது. அதனால்தான் எங்கள் செய்தியாளர்களிடம் நான் ஒன்றை விடாமல் வற்புறுத்துகிறேன். ஐபி எண்ணை எழுதினால் எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம், எந்தத் தண்ணீர் ஆகிய மூன்றையும் அதே பத்தியில் எழுதியாக வேண்டும். நிறுவனங்களின் செய்திக்குறிப்புகளில் எண் தலைப்பிலும், இந்த மூன்று விவரங்களும் கடைசிப் பக்கத்தின் சிற்றெழுத்துகளிலும் இருப்பது வழக்கம். சிற்றெழுத்தைப் பெரிய எழுத்துக்குக் கொண்டுவருவதற்காகத்தான் தொழில்நுட்பச் செய்திப் பிரிவு என்ற ஒன்று வேண்டியிருக்கிறது.

இனி, தண்ணீர் எப்படித் தடுக்கப்படுகிறது என்பதைப் பார்ப்போம். கைபேசியின் திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே பசை நாடா ஒன்று சுற்றிலும் ஓடுகிறது. சிம் தட்டை வெளியே இழுத்துப் பார்த்தால், அதன் விளிம்பில் தலைமுடியைவிடச் சற்றே தடித்த ரப்பர் வளையம் ஒன்று தெரியும். மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் ஒலி போக வேண்டும் என்பதால் அங்கே துளையை அடைக்க முடியாது. மாறாக, காற்றை விட்டு நீர்த்துளியை நிறுத்தும் மெல்லிய சவ்வைப் பொருத்துகிறார்கள். விலை குறைந்த கைபேசிகள் பலவற்றில் இவை முழுமையாக இருப்பதில்லை. உள்ளே உள்ள சர்க்யூட் பலகையின் மேல் நீரை விலக்கும் பூச்சு மட்டும் தரப்படும். மழைத் தூறலுக்கு அது போதும், மூழ்குவதற்குப் போதாது.

இந்த அடைப்புகள் என்றைக்கும் ஒரே நிலையில் இருப்பவை அல்ல. குக்கரின் கேஸ்கெட் புதிதில் ஆவியைச் சிறிதும் விடாமல் பிடித்து, நாளாக ஆக இறுகித் தளர்ந்து பக்கவாட்டில் ஆவியைக் கசியவிடுவதைப் போலவே, கைபேசியின் பசையும் ரப்பரும் வெயிலிலும் சார்ஜ் ஏறும் சூட்டிலும் மெல்ல மெல்லப் பிடிப்பை இழக்கின்றன. ஒருமுறை கீழே விழுந்து சட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலும் போதும், பசை நாடா ஓரிடத்தில் விலகிவிடும். டிஸ்பிளே உடைந்து வெளிக்கடையில் மாற்றிய கைபேசியில், பழைய நாடாவைச் சுத்தமாக எடுத்துவிட்டு அந்த மாடலுக்கு உரிய புதிய நாடாவைப் பொருத்தினால் மட்டுமே ஓரளவு பாதுகாப்பு திரும்பும். பல கடைகளில் சாதாரணப் பசையைத் தடவி மூடித் தருகிறார்கள். அந்தக் கைபேசிக்குப் பெட்டியில் அச்சிட்ட எண் இனிப் பொருந்தாது. சோதனைக்கூடத்தில் தேர்ச்சி பெற்றது புதிய கைபேசி. நம் கையில் இருப்பது இரண்டு ஆண்டு உழைத்த கைபேசி.

இப்போது நம் மாவட்டத்துக்கு மிக நெருக்கமான செய்திக்கு வருகிறேன். ஐபி சோதனை நன்னீரில் நடக்கிறது. அரிப்பைத் தாங்குமா என்பது இந்தத் தரநிலையின் எல்லைக்குள் வரவில்லை என்று 60529 ஆவணமே கூறுகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதனால் குழாய்த் தண்ணீரைவிட அது பன்மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்துகிறது. கைபேசி கடல்நீரில் நனைந்த பிறகு, உள்ளே ஒரு சொட்டும் போகாவிட்டாலும், சார்ஜிங் போர்ட்டின் குழியில் கொஞ்சம் நீர் தேங்கியிருக்கும். அந்த நிலையில் சார்ஜரைச் செருகினால், போர்ட்டின் நுண்ணிய ஊசிகளுக்கிடையே உள்ள 5 வோல்ட்டோ அதற்கு மேலோ ஆன மின்னழுத்தத்தால் அந்த உப்புநீர் வழியாக மின்சாரம் பாய்கிறது. மின்னாற்பகுப்பு என்று பள்ளிப் பாடத்தில் படித்தது அங்கே நடக்கிறது: நேர்முனையில் உள்ள உலோகம் கரைந்து வெளியேறுகிறது. ஊசிகளின் மேல் உள்ள தங்க முலாம் மிக மெல்லியது. அதில் ஒரு நுண்துளை இருந்தாலும் அடியில் உள்ள செம்பு அரிபடத் தொடங்கிவிடும்.

நாகர்கோவிலில் ஒரு பழுதுபார்ப்புக் கடையில், சார்ஜ் ஏறவில்லை என்று கடற்கரை ஊரிலிருந்து வந்த கைபேசி ஒன்றைத் திறப்பதை அருகிலிருந்து பார்த்தேன். பின்மூடியின் ஓரத்தைச் சூடுகாட்டி இளக்கி, மெல்லிய தகட்டால் நெம்பி எடுத்தார் பழுதுபார்ப்பவர். உள்ளே பலகை புதியதைப் போலப் பளிச்சென்று இருந்தது; சிம் தட்டின் ரப்பர் வளையமும் ஒழுங்காகவே இருந்தது. உருப்பெருக்கியின் கீழே போர்ட்டை வைத்தபோதுதான் காரணம் தெரிந்தது. நடுவே உள்ள நாக்கில் ஒரு பக்கத்து ஊசிகள் மட்டும் கறுத்து, அவற்றின் அடியில் பாசி படர்ந்ததுபோன்ற பச்சை, பக்கவாட்டில் வெள்ளை உப்புப் பொருக்கு. ஆல்கஹாலில் தோய்த்த தூரிகையால் தேய்த்ததும் பச்சை போய்விட்டது, ஆனால் இரண்டு ஊசிகள் பாதிக்கு மேல் தேய்ந்து போயிருந்தன. ஐபி68 தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. தண்ணீர் உள்ளே நுழையவே இல்லை. கைபேசி மட்டும் பயன்படாமல் போய்விட்டது.

இதே பிரச்சினை நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. கேலக்ஸி கைபேசிகளை நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்ற தோற்றத்தைத் தந்த விளம்பரங்கள் தொடர்பாக, ஆஸ்திரேலியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் சாம்சங்கின் ஆஸ்திரேலியக் கிளை மீது 2019இல் வழக்குத் தொடுத்தது. ஈரம் காயாமல் சார்ஜ் செய்தால் போர்ட் அரிபட்டுக் கைபேசி செயலிழக்கக்கூடும் என்பதே அதன் மையம். சாம்சங் அதை ஒப்புக்கொண்டதையடுத்து, 2022 ஜூனில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதற்கு முன்பே, 2020 நவம்பரில், இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்திருந்தது. நீர் எதிர்ப்பை விளம்பரப்படுத்தியபோது, அது குறிப்பிட்ட சோதனைக்கூடச் சூழலுக்கு மட்டுமே பொருந்தும் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதும், நீரால் ஏற்படும் சேதத்துக்கு வாரண்டி தரவில்லை என்பதும் அங்கே எழுந்த குற்றச்சாட்டுகள். இரண்டு வழக்குகளிலும் எண் பொய் என்று யாரும் சொல்லவில்லை. எண்ணைச் சுற்றி வரைந்த படம்தான் தவறு. அந்தப் படத்தை அப்படியே வாங்கிப் போட்ட ஊடகங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடலுக்குள் போகாதவர்களும் உப்பிலிருந்து தப்ப முடியாது. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து உப்புத்துகளாகி, கச்சான் காற்றுடன் வீட்டுக்குள் வருகின்றன. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், தானே நீரை உறிஞ்சிக் கரைசலாக மாறிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். எனவே சொத்தவிளையிலோ மணக்குடியிலோ கடலைப் பார்த்த சன்னலருகே வைத்த டிவியின் பின்புறத் துளைகள், வைஃபை ரூட்டரின் துளைகள், ஹோம் தியேட்டரின் இணைப்பு முனைகள் எல்லாம் தண்ணீரே படாமல் உப்புநீரில் நனைகின்றன. இவற்றுக்கு ஐபி எண்ணே இருப்பதில்லை. கடற்காற்று நேராக அடிக்காத உட்சுவரில் டிவியை மாட்டுவதும், ரூட்டரைச் சன்னலைவிட்டுத் தள்ளி வைப்பதும் செலவில்லாத காப்பு.

சோப்பு நீரும் வெந்நீர் ஆவியும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோப்பானது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், நல்ல தண்ணீரை நிறுத்தும் சவ்வு சோப்பு நீரை நிறுத்த முடியாமல் போகலாம். ஆவியோ துளியாக இல்லாமல் வாயுவாகவே சவ்வைக் கடந்து உள்ளே குளிர்ந்து நீராகிறது. குளியலறைக்குள் கைபேசியை எடுத்துச் செல்லும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

கடல்நீர் பட்டுவிட்டால் என்ன செய்வது? கைபேசியை அணைத்து, கவரைக் கழற்றி, ஐபி67 அல்லது ஐபி68 உள்ள கைபேசியாக இருந்தால், அது உடையாமல் விரிசல் விடாமல் இருந்தால், மெதுவாக ஒழுகும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உப்பை நீக்குவதே முதல் வேலை, காயவைப்பது அடுத்தது. அலசும்போது சிம் தட்டைத் திறக்கக் கூடாது. பிறகு போர்ட் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெல்லத் தட்டி நீரை வெளியேற்றி, மின்விசிறிக் காற்றில் வைக்க வேண்டும். அரிசிப் பானைக்குள் புதைக்க வேண்டாம். அரிசித்துகள் கைபேசியைச் சேதப்படுத்தக்கூடும் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. ஹேர் டிரையரின் சூடான காற்று பசையை இளக்கும். முழுதாகக் காய ஒரு நாள் ஆகலாம் என்பதால் அதுவரை சார்ஜரைச் செருகாமல் இருப்பதுதான் கைபேசியைக் காப்பாற்றும் செயல். எந்த ஐபி எண்ணும் இல்லாத கைபேசியாக இருந்தால் அலசுவதற்கு முயலாமல், அணைத்த நிலையிலேயே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். பல கைபேசிகளில் சிம் தட்டின் குழிக்குள் நீர் பட்டால் சிவக்கும் சிறு ஒட்டுப்பட்டை உள்ளது. அது சிவந்திருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் வாரண்டியில் பழுதுபார்ப்பதில்லை. ஐபி68 என்று காட்டி வாதாடியும் பயனில்லை.

கடலுக்குப் போகிற சகோதரர்களுக்கு என் பரிந்துரை எளிமையானது. விலையுயர்ந்த ஐபி68 கைபேசியை நம்பிக் கழுத்தில் தொங்கவிடுவதைவிட, பூட்டும் வாய் கொண்ட தெளிவான பிளாஸ்டிக் நீர்க்காப்பு உறையில் சாதாரணக் கைபேசியை வைத்துக்கொள்வது மேல். கைபேசியை உள்ளே வைப்பதற்கு முன், உறைக்குள் ஒரு காகிதத் துண்டை வைத்துப் பூட்டி, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

மற்ற கருவிகளில் வேறு கணக்குகள் உண்டு. இயர்பட்ஸ்களில் எழுதியிருக்கும் ஐபிஎக்ஸ்4 பெரும்பாலும் காதில் மாட்டும் பகுதிக்கு மட்டுமே. சார்ஜ் செய்யும் பெட்டிக்கு அது பொருந்துமா என்று தனியே பார்க்க வேண்டும். ஸ்மார்ட் வாட்ச்களில் வரும் 5 ஏடிஎம் (ஏடிஎம் என்பது வளிமண்டல அழுத்தத்தை அளக்கும் அலகு) என்பது கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 22810 தரநிலையைச் சேர்ந்தது. அது 50 மீட்டர் நீர்த்தூணுக்குச் சமமான அசையா அழுத்தத்தைக் குறிக்குமே தவிர, அணிந்துகொண்டு 50 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று குறிக்காது. மேற்பரப்பில் நீந்தலாம், முக்குளிப்பவர்களுக்கு ஐஎஸ்ஓ 6425 என்ற வேறு தரநிலை இருக்கிறது.

வீட்டு வாசலில் பொருத்தும் சிசிடிவி கேமராவுக்கு ஐபி66 அல்லது ஐபி67 போதுமா என்று கடற்கரை ஊர்களிலிருந்து கேட்கிறார்கள். மழைக்குப் போதும். உப்புக்குப் போதுமா என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. உப்புமூட்டச் சோதனை என்று தனியாகவே ஒன்று உண்டு; 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்புக்கரைசலை மூட்டமாகத் தெளித்து, உலோகமும் பூச்சும் எப்போது அரிபடுகின்றன என்று பார்ப்பது அதன் பரவலான முறை. மாடியில் சூரிய மின்தகடு பொருத்துகிறவர்கள், தகட்டுக்கு ஐஇசி 61701 என்ற உப்புமூட்டச் சான்று இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கேமராவுக்கோ வெளியே மாட்டும் இன்வெர்ட்டருக்கோ அத்தகைய சோதனை செய்யப்பட்டிருந்தால், நிறுவனத்தின் விவரத்தாளில் அது எத்தனை மணி நேரம் நடந்தது என்ற குறிப்பும் இருக்கும். அது இல்லாவிட்டால், திருகுகளும் தாங்கிகளும் துருப்பிடிக்காத எஃகுதானா என்று பார்த்து, கேபிள் இணைப்பு முனைகளைப் பிளாஸ்டிக் சந்திப்புப் பெட்டிக்குள் வைத்து மூடச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.